சூட்டு பெல்ட்டு

பலராமன் நினைத்திருந்தால் வேலூரிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்திருக்கலாம். ரேடியோ சாமான் வாங்க மாதம் ஒருமுறை அங்கே போகிறவன்தான். வீட்டில் பெண்டாட்டி இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டான்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது அவனுடைய ரேடியோ ரிப்பேர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் விறகு அடுக்கி வைக்கும் கொட்டகை. வீட்டில் அவன், அவன் அம்மா காசியம்மாள், பெண்டாட்டி கஸ்தூரி, நாலு வயசு மகள் அருணா. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் டேப் ரிக்கார்டர் நின்றுபோனால் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். அவனுக்கு இங்கிலீஷ் வராது. 'நோ பிராப்ளம்' என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டிவிட்டான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில், வாடகை அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரம்மா, இடுப்பில் கட்டிக்கொள்ளும் கரண்டுத் துணி ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கரண்டில் சொருகினால் இடுப்புக்குச் சூடு கொடுக்குமாம். அவர்கள் ஊர் கரண்டுக்குச் செய்தது, நம் ஊர் கரண்டில் சொருகியதும் கருகிப்போயிருந்தது. பலராமன் பிரித்துப் பார்த்தான். மெல்லிய கம்பியை வளைத்து வளைத்துத் துணிக்குள் தைத்திருந்தார்கள். இதற்கா இவ்வளவு பகட்டு என்று சிரித்தான். கம்பிக்கு நடுவில் பட்டாணி அளவில் ஒரு சாமான் இருந்தது. சூடு மிஞ்சினால் தானாகவே கரண்டை நிறுத்துகிற சாமான் அது. பலராமனுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. விளங்காததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று குப்பையில் போட்டான்.

ஒரு வாரத்தில் அவனே ஒன்று செய்துவிட்டான். இஸ்திரிப் பெட்டிக் கம்பியைக் கல்நார் நாடாவில் சுற்றி, உள்ளங்கை அகலக் காக்கித் துணிக்குள் வைத்து, கட்ட இரண்டு பக்கமும் நாடா விட்டுக் கஸ்தூரியைத் தைக்கச் சொன்னான். ஷாக் அடிக்காமலிருக்க நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி. சூட்டு பெல்ட்டு என்று பெயரும் வைத்தான். கார்த்திகை தீபத்துக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். மலை சுற்றி வந்தவர்களில் இடுப்பு வலிக்காதவர் யார்? போதாததற்கு உள்ளூரில் நாற்று நடுகிறவர்கள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பிடுங்குகிறவர்கள் என்று குனிந்தே பிழைக்கிற சனம் வேறு. தீபத்துக்குள் ஐம்பது பெல்ட்டு தைத்துவிட வேண்டும் என்று ராவும் பகலும் அதே பேச்சாக இருந்தான்.

எவ்வளவு சூடு வைப்பது என்பதுதான் தெரியவில்லை. அவன் கையை வைத்துப் பார்த்துப் பயனில்லை. ஈயம் பற்றவைக்கிற சால்ட்ரிங் ராடு பட்டுப் பட்டு விரல் எல்லாம் காய்த்துப்போனவன் அவன். தன் இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார நேரமும் இல்லை. ஆகவே கஸ்தூரியின் இடுப்பில் கட்டினான்.

முதல் நாள் கட்டி ஐந்து நிமிஷம் ஆனதும் கஸ்தூரி, "சுடுதுங்க" என்றாள்.

பலராமனின் முகம் விழுந்துவிட்டது. "கட்டினதும் சுடுதுன்றே. நீயே இப்பிடி சொன்னா கடைக்கு வர்றவன் இன்னா சொல்லுவான்?" என்றான்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த காசியம்மாள் தலையைத் தூக்காமலே, கீழ்பென்னாத்தூரில் மகளை வெயிலே படாமல் வளர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றாள். கஸ்தூரி கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை நெற்கட்டு சுமந்தவள் என்பது காசியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்வதில் அவளுக்கு ஒரு ருசி. அன்று மதியம் பலராமன் சாப்பிட வரவில்லை. கூப்பிடப் போன கஸ்தூரியிடம், பசி இல்லை என்று ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துச் சொன்னான். புளிக்குழம்பு ஆறிப்போய் அப்படியே கிடந்தது.

மறுநாள் அதே பெல்ட்டை மறுபடியும் கட்டினான்.

கஸ்தூரியின் இடுப்புக்கு மேலே, இடப்பக்கம், வெற்றிலை அகலத்துக்கு ஒரு வெளிறின இடம் இருந்தது. தேமல் என்றாள் காசியம்மாள். பூவரசங்காயை உரசித் தடவினாள். ஒன்றரை வருஷமாகியும் போகவில்லை. குளிக்கும்போது அந்த இடத்துக்குத் தண்ணீர் சூடாக இருக்கிறதா குளிர்ந்திருக்கிறதா என்று தெரியாது. சோப்பு போட்டால் வேறு யாருடைய முதுகையோ தேய்ப்பது போலிருக்கும். இதைக் கஸ்தூரி யாரிடமும் சொன்னதில்லை. மலை சுற்றும் பாதையில் தகர டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு, விரல் மடங்கிப்போய் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பழகின ஊர் இது. உணர்ச்சியில்லாத தேமலுக்கு என்ன பெயர் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். வாயைத் திறந்தால் இந்த வீட்டில் இருக்க முடியாது, அருணாவை மடியில் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் மாமியார் சொன்ன தேமலே அவளுக்கும் போதுமானதாக இருந்தது.

அன்றைக்குப் பெல்ட்டு சுட ஆரம்பித்ததும் கஸ்தூரி மெதுவாக அதை இடப்பக்கம் தள்ளிக்கொண்டாள். சூடு தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பலராமன் வந்து கேட்டபோது, இதமாக இருக்கிறது என்றாள்.

"அப்பிடி சொல்லு" என்று அவன் சிரித்தான். அன்று மதியம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான்.

பாவம், கஸ்தூரிக்கு அது பிடித்துப்போனது. ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அவளை யாரும் ஒரு காரியத்துக்காக மெச்சியதில்லை. பலராமன் அடுத்த பெல்ட்டில் கம்பியை ஒரு சாண் வெட்டினான். கம்பி குறைந்தால் சூடு ஜாஸ்தி. அதையும் அவள் இடப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு இதமாக இருக்கிறது என்றாள். இன்னொரு சாண் வெட்டினான். அவள் முதுகில் அந்த இடம் வெந்து கன்றிப்போனது அவளுக்கும் தெரியவில்லை, ரவிக்கையைத் தூக்கிப் பார்க்கிறவர்களும் யாருமில்லை. இதுதான் சரியான சூடு என்று பலராமன் முடிவு செய்து, அந்த அளவிலேயே எல்லாப் பெல்ட்டுக்கும் கம்பி வெட்டி வைத்தான்.

வாங்கிப்போனவர்களில் இரண்டு பேர் வந்து சூடு கொஞ்சம் கம்மி பண்ணித் தரச் சொன்னார்கள். "எங்க ஊட்ல ஒரு மணி நேரம் கட்டிக்கினு தோசை ஊத்துறா. நீ ஆம்பளை, ஒனக்குச் சுடுதா?" என்று பலராமன் கேட்டான். கேட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி, பெருமையாகத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் முன்னால், காலை வெயில் ஏறுகிற நேரத்தில், கடை வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வைக்கோலின்மேல் ஒரு கிழவி குப்புறப் படுத்திருந்தாள். அடி அண்ணாமலையில் நாற்று நடுகிற பச்சையம்மாள். வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தவள் அவள் மகள் பாஞ்சாலை. பத்து நாளைக்கு முன்னால் அம்மாவுக்காகப் பெல்ட்டு வாங்கிப்போனவள் அவள்தான்.

பாஞ்சாலை சத்தம் போடவில்லை. பெல்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பிறகு வண்டிக்குப் போய், அம்மாவின் முதுகின்மேல் போட்டிருந்த வாழையிலையைத் தூக்கிக் காட்டினாள். வலப்பக்கம் ஒரு கையகலத்துக்குத் தோல் கழன்று, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மொத நாளே சுடுதுன்னாங்க. நான் ஒங்ககிட்ட ஓடியாந்து கேட்டேன். எலும்புல எறங்கணும், அப்பிடித்தான் சுடும், பொறுத்துக்கச் சொல்லுன்னீங்க. ஒங்க ஊட்டம்மா ஒரு மணி நேரம் கட்டுறாங்கன்னீங்க" என்றாள் பாஞ்சாலை. "நான்தாண்ணே அவுத்துப் போடாம கையப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்."

பலராமன் கூடியிருந்தவர்களைப் பார்த்தான். பின்னால் அடுக்கி வைத்திருந்த நாற்பது பெல்ட்டையும் பார்த்தான். கிழவி அதைக் கட்டிக்கொண்டே தூங்கியிருப்பாள், பச்சிலை எதையாவது தடவியிருப்பாள், வயசான தோல் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னான். பாஞ்சாலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவுங்களக் கூப்புடுங்க. நான் பாக்க கட்டட்டும்" என்றாள்.

"கஸ்தூரி, வாடி இங்க" என்று பலராமன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். அவனுக்குத் துளியும் பயமில்லை. அவள்மேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாஞ்சாலை கொண்டுவந்த பெல்ட்டை மேஜையிலிருந்து எடுத்து, வழக்கம்போல் இடப்பக்கம் கொண்டுபோனாள். பாஞ்சாலை அவள் கையைப் பிடித்தாள்.

"அங்க இல்லக்கா. எங்கம்மாவுக்கு எங்க வெந்துச்சோ அங்க."

அவளே வாங்கி, வலப்பக்கம் வைத்து, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பலராமன் சுவிட்சைப் போட்டான். கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. பத்தேகால்வரை என்று பேச்சு.

முதல் ஐந்து நிமிஷம் உண்மையிலேயே இதமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு சுட ஆரம்பித்தது. கம்பி வெட்டின பிறகு வந்த சூடு கஸ்தூரிக்குப் புதுசு. அந்தப் பெல்ட்டின் சூடு எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. உள்ளிருந்து வந்தபோது வண்டியில் பச்சையம்மாளின் முதுகைப் பார்த்திருந்தாள். அதைத் தன் வாயால்தான் வேகவைத்தோம் என்று அவளுக்குப் பட்டபோது சூட்டைவிட அது அதிகமாகச் சுட்டது.

சுடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பெல்ட்டு வியாபாரம் தெருவிலேயே செத்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. இத்தனை நாள் எப்படிப் பொறுத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி நேராக இடப்பக்கத்து வெற்றிலையில் போய் நிற்கும். நிலைப்படியில் அருணா விரல் சூப்பிக்கொண்டு அம்மாவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பாஞ்சாலை எதிரில் குந்தி உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்தாள். "சொல்லுக்கா. சுடலியா?"

"இல்ல."

"எங்கம்மாவப் பாத்து சொல்லு."

கஸ்தூரி வண்டியைப் பார்த்து, "இல்லம்மா. இதமாத்தான் இருக்கு" என்றாள். உதட்டுக்கு மேலே வேர்வை முத்து முத்தாக நின்றது. மழைக்கால வெயில் அப்படித்தான் புழுங்கும் என்று டீக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

பத்தேகால் ஆவதற்குள் வண்டியிலிருந்து பச்சையம்மாளின் குரல் வந்தது. "உடு பாஞ்சால. அந்தப் பொண்ணு எதுக்குப் பொய் சொல்லப் போவுது? என் ஒடம்புதான் கேடுகெட்ட ஒடம்பு. வா, போலாம்."

பாஞ்சாலை எழுந்தாள். கஸ்தூரியை ஒருதரம் பார்த்தாள். மன்னிச்சுக்கங்கண்ணே என்று பலராமனிடம் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்துபோனாள். பெல்ட்டை எடுத்துப்போகவில்லை. கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே ஆளுக்கொரு பெல்ட்டு சொல்லிவைத்தார்கள்.

கஸ்தூரி உள்ளே போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு முதுகில் ஊற்றிக்கொண்டாள். பலராமன் சீட்டியடித்துக்கொண்டு வந்தவன், ஈரப் புடவைக்கு மேலே அவள் முதுகைப் பார்த்து நின்றுவிட்டான். வலப்பக்கம் தோல் சிவந்து, கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"சுட்டுச்சா?"

"ஆமாங்க."

"அப்ப இத்தினி நாளு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? அவனுக்காகத்தான் இத்தனையும் பொறுத்தோம், அவன் மானத்தைத் தெருவில் காப்பாற்றிக் கொடுத்தோம், கொஞ்சம் இரக்கப்படுவான் என்று கஸ்தூரி நம்பினாள். நம்பிச் சொன்னாள். இடப்பக்கம் ஓர் இடத்தில் உணர்ச்சி இல்லை, அங்கேதான் தள்ளி வைத்துக்கொள்வேன் என்றாள்.

பலராமன் கோபப்படவில்லை. அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னான். "நான் வக்கும்போது சொல்லு" என்றான்.

குண்டூசி வைப்பான், இல்லாவிட்டால் விரலால் அழுத்துவான் என்று நினைத்துக்கொண்டு அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒருவேளை இன்றைக்கு உணர்ச்சி வந்தாலும் வரலாம். அண்ணாமலையாரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் கடைக்குப் போய்த் திரும்பி வந்த காலடி கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"வைங்க. சொல்றேன்."

அவன் பின்னால் குந்தி உட்காருவது கேட்டது.

"இன்னும் வக்கலியா?"

அப்போதுதான் தீய்கிற நாற்றம் வந்தது. அடுப்பில் எதுவும் இல்லையே என்று கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். அவன் கையில் சால்ட்ரிங் ராடு இருந்தது. வழக்கம்போல் அதன் முனையை ஈரத்துணியில் துடைத்தான். பிறகு அந்தத் துணியை அடுப்பில் போட்டான்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காசியம்மாள் போய் அருணாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் கொட்டகை விறகு எல்லாம் வெளியே வந்துவிட்டது, கஸ்தூரி உள்ளே போய்விட்டாள்.

உடனே கீழ்பென்னாத்தூருக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பினால் ஊர் கேள்வி கேட்கும். பெல்ட்டு கட்டிக் காட்டினவளுக்கு உணர்ச்சியே இல்லை என்று வெளியே வந்தால் வியாபாரம் போயிற்று. அதனால் தீபம் முடியும்வரை கொட்டகை. காய்ச்சல் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். அலுமினியத் தட்டில் சோறு போட்டுக் காசியம்மாள் வாசலோரம் வைத்துக் குச்சியால் உள்ளே தள்ளிவிடுவாள். தட்டைத் தள்ளும்போது இத்தனை நாள் தேமல் என்று தன்னை ஏமாற்றிவிட்டதாகப் புலம்புவாள். தேமல் என்று சொன்னதே அவள்தான் என்பதைக் கஸ்தூரி ஞாபகப்படுத்தவில்லை. ஒரு தடவை அருணா கொட்டகை வாசல்வரை ஓடிவந்துவிட்டாள். பாட்டி முதுகில் ஒரு அடி வைத்தாள். அதற்குப் பிறகு குழந்தை முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு தூரத்திலேயே நின்று, "அம்மா, ஒனக்கு எப்ப ஒடம்பு நல்லாவும்?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

பெரியாஸ்பத்திரிக்குப் புதன்கிழமைதோறும் அதற்கென்று டாக்டர் வருகிறார், மாத்திரை தருகிறார்கள் என்பது கஸ்தூரிக்குத் தெரியும். அவள் ஊரில் ஒருத்தி அதைத் தின்று குணமாகி, பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். ஒரே ஒரு புதன்கிழமை கூட்டிப்போங்கள், முக்காடு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று பலராமனிடம் கேட்டாள். அவன் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "தீபம் முடியட்டும்" என்றான்.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் கடையில் ஒரே கூட்டமாக இருந்தது. பலராமனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கட்டிப் பார்க்காமல் வெளியூர் ஜனத்துக்கு விற்று, இன்னொரு மாட்டு வண்டி வந்தால் என்ன செய்வது? அம்மாவை முற்றத்தில் உட்காரவைத்து இடுப்பில் பெல்ட்டைக் கட்டினான். கொட்டகைக் கதவின் சந்து வழியாகக் கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதுடா பலராமா" என்றாள் காசியம்மாள்.

"ஐயோ, எடு எடு" என்று அவன் ஒரே இழுப்பில் நாடாவை அவிழ்த்தான். "எங்கம்மா, காட்டு. செவந்துச்சா?" என்று பதறினான். தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவி, வாயால் ஊதிவிட்டான். தோல் சிவக்கக்கூட இல்லை. கட்டி முழுசாக இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அம்மாவுக்குச் சுட்டால் யாருக்கும் சுடும் என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போனவன், ராத்திரி சாப்பாட்டையும் மறந்து எல்லாப் பெல்ட்டையும் பிரித்து இரண்டு இரண்டு சாண் கம்பி சேர்த்தான். கஸ்தூரி கதவை விட்டுப் போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். முதல் நாள் தானும் இதே வார்த்தையைத்தானே சொன்னோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் காலையில் பலராமன் கொட்டகைக்கு வந்தான். ஒரு கையில் நீளமான ஒயர், இன்னொரு கையில் ஒரு பெல்ட்டு. பாஞ்சாலை மேஜைமேல் விட்டுப்போன அதே பெல்ட்டு. காக்கித் துணியில் பச்சையம்மாளின் முதுகு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை அவன் வாசலில் இருந்த ஆணியில் மாட்டினான்.

"ராவுல குளிரும் இல்ல, வச்சிக்க. இதப் பிரிச்சிக் கம்பி சேக்கறதுக்கு துணி சரியில்ல, வேற யாருக்கும் குடுக்க முடியாது. ஒனக்குன்னா சுடாது" என்றான். அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்லது செய்கிறவனின் முகமாகத்தான் இருந்தது.

வலப்பக்கத்துப் புண்ணில் ஒட்டிக்கொண்ட ரவிக்கையை விரலால் விடுவித்துக்கொண்டு கஸ்தூரி எழுந்து நின்றாள்.

"எனக்கும் சுடும்ங்க" என்றாள்.

அவன் அதற்குள் கடைக்குப் போய்விட்டான்.